இரண்டு முக்கோணங்கள்: கனடியக் கமக்காரரும் அரச நிவாரணமும்

1998ஆம் ஆண்டு ஜனவரி 5ஆந் திகதி மொன்றியலில் மழை பெய்யத் தொடங்கியது. கடுங்குளிர் காலத்தில் மழையா என்று வியந்தோர் சிறிது நேரத்திலேயே அதன் கொடுமையை உணர்ந்தனர். மேலே சற்றுச் சூடான காற்றினூடாக நீராகவே இறங்கிய துளிகள், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருந்த நிலத்தைத் தொட்டதும் கண்ணாடியாக இறுகின. மரக்கிளை, மின்கம்பி, கூரை, வீதி யாவற்றையும் அக்கண்ணாடி போர்த்தது. ஆறு நாட்களுள் மொன்றியற் பகுதியில் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் உறைமழை இறங்கிற்று. பாரந் தாங்காமல் உருக்குக் கோபுரங்கள் நூற்றுக்கணக்கிலும் மரக்கம்பங்கள் ஆயிரக்கணக்கிலும் சரிந்தன. ஜனவரி 9, வெள்ளிக்கிழமையன்று கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 14 இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்திருந்தன. 30 இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருளில் இருந்தனர்.

அந்நாட்களில் மொன்றியலில் இருந்த எம்மவர் எவரும் அதனை மறந்திருக்க மாட்டார்கள். பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட் டெ நேஜ்ஜிலும் இருளடைந்த தொடர்மாடிகளில், ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பங்கள் போர்வைகளுள் ஒடுங்கியிருந்தன. விளக்கின்றி இருப்பது எமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி வாழ்ந்தவர்களே நாம். குளிர்தான் புதிது.

மின்சாரத்தை இழந்தோருக்கு ஆளொன்றுக்கு வாரம் 70 டொலர் வீதம் வழங்கப்படும் என்று லூசியன் பூஷார் தலைமையிலான மாகாண அரசு அறிவித்தது. நான் அப்போது இந்நாட்டுக்கு வந்து அதிக காலமாகவில்லை. ஊரில் ஆசிரியராக இருந்தவர் என்பதனால், படிவங்களை வாசித்துச் சொல்லும்படி அயலவர் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களுள் முதியவர் ஒருவர், "தம்பி, எங்கட கேசுக்கு இன்னும் முடிவு வரேல்லை. இந்தக் காசை வாங்கினால், இவர்கள் எங்களைப் பாரமெண்டு நினைச்சுத் திருப்பி அனுப்பமாட்டினமோ?" என்று கேட்டார். அன்று என்னிடம் தக்க விடை இருக்கவில்லை. அவருடைய அச்சம் ஆதாரமற்றதன்று என்பதும், இந்நாட்டின் வரலாற்றிலேயே அதற்கு வேர் உண்டு என்பதும் பின்னர் வாசித்தபோதே தெரியவந்தன. அந்த வரலாறு நகரத்தில் மட்டும் எழுதப்பட்டதன்று. அதன் பெரும்பகுதி வயல்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் எழுதப்பட்டது.

கறுப்பு முக்கோணம்

மொன்றியல் நகரின் பெரும்பகுதிக்குச் சில நாட்களில் மின்சாரம் மீண்டது. ஆற்றின் தென்கரைக்கு அப்பால் நிலைமை வேறு. சென் இயாசென்த், கிரான்பி, சென் ஜோன் சூர் ரிசெலியே ஆகிய மூன்று நகரங்களுக்கு இடைப்பட்ட பிரதேசத்தைக் 'கறுப்பு முக்கோணம்' என்றே செய்தியாளர் அழைத்தனர். அங்கே சில வீடுகளுக்கு விளக்கு வர ஐந்து வாரங்கள் வரை சென்றன. இம்முக்கோணம் மொந்தெரேஜி எனப்படும் வளமான கமத்தொழிற் பிரதேசத்தின் நடுவே கிடக்கிறது. பாற்பண்ணை, பன்றிப்பண்ணை, கோழிப்பண்ணை, மேப்பிள் தோப்பு யாவும் செறிந்த நிலம் அது.

மின்சாரம் இல்லாத பாற்பண்ணை எவ்வாறிருக்கும் என்பதை, ஒன்றிரண்டு மாடுகளைக் கையாற் கறந்து பழகிய நாம் எளிதில் விளங்கிக்கொள்ள மாட்டோம். அறுபது எழுபது பசுக்களை நாளுக்கு இரு தடவை கறப்பது இயந்திரம். கறக்காது விட்டால் மடி வீங்கிப் பசு நோயுறும். கறந்த பாலைக் குளிரூட்டுவதும், கிணற்று நீரைத் தொட்டிக்கு ஏற்றுவதும், அடைத்த தொழுவத்தினுள் காற்றை மாற்றுவதும் மின்சாரமே. ஆகவே, ஒரு கமக்காரரின் ஜெனரேற்றர் ஒரு பண்ணையில் இரண்டு மணி நேரம் ஓடியபின் உழவு இயந்திரத்தில் ஏற்றப்பட்டு அடுத்த பண்ணைக்குச் சென்றது. இரவு பகலாக அது ஊர் சுற்றியது. கமக்காரர் சங்கமான 'யூப்பேஆ' வெளி ஊர்களிலிருந்து ஜெனரேற்றர்களைத் திரட்டிப் பகிர்ந்தது. மீட்புப் பணிக்கென வந்த 15,000க்கும் மேற்பட்ட படையினருட் சிலர் பண்ணைகளுக்கும் சென்று உதவினர்.

எனினும், கறந்த பாலை ஏற்றிச்செல்ல வீதி இல்லை. ஏற்றிச்சென்றாலும் பதனிடும் ஆலை இயங்கவில்லை. கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலுமாக ஒரு கோடி லீற்றருக்கும் அதிகமான பால் நிலத்தில் ஊற்றப்பட்டது. பிள்ளைக்குப் பால்மா வாங்கப் பங்கீட்டு வரிசையில் நின்று வந்த எமக்கு, தொலைக்காட்சியில் அக்காட்சியைப் பார்ப்பது எளிதாயிருக்கவில்லை. ஊற்றிய கமக்காரரின் முகத்தைப் பார்ப்பதும் எளிதாயிருக்கவில்லை.

இழப்பை யார் ஈடுசெய்வது? இதற்குரிய விடை புயலுக்குப் பின்னர் தேடப்பட்டதன்று. 1970ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு, அனர்த்த நிதியுதவி ஏற்பாடு ஒன்றை வகுத்திருந்தது. அன்றைய கணக்குப்படி, மாகாணத்தின் மக்கட்தொகையில் ஆளொன்றுக்கு முதல் ஒரு டொலர் செலவை மாகாணமே ஏற்க வேண்டும். அடுத்த இரண்டு டொலரில் பாதியை ஒட்டாவா தரும். அதற்கடுத்த இரண்டு டொலரில் 75 வீதத்தையும், ஐந்து டொலருக்கு மேற்பட்ட செலவில் 90 வீதத்தையும் ஒட்டாவா தரும். அக்காலத்தில் கியூபெக்கின் மக்கட்தொகை ஏறத்தாழ 73 இலட்சம். எனவே செலவு 3 கோடியே 65 இலட்சம் டொலரைத் தாண்டியதும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டொலரிலும் 90 சதம் நாடு முழுவதன் வரிப்பணத்திலிருந்து வந்தது. (2015இல் இவ்வெல்லைகள் உயர்த்தப்பட்டன.) இந்த அடிப்படையிற்றான் கியூபெக் அரசு வீடுகள், சிறுதொழில்கள், கமங்கள், நகராட்சிகள் ஆகியவற்றுக்கான உதவித் திட்டங்களை வகுத்தது. நியாயமான விலையில் காப்புறுதி பெற்றிருக்கக் கூடிய இழப்புக்கு நிவாரணம் இல்லை என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

இவ்விதி எல்லாவற்றையும் அளந்துவிடவில்லை. ஊற்றிய பாலை லீற்றரில் எண்ணலாம். முறிந்த மேப்பிள் மரத்தை எவ்வாறு எண்ணுவது? ஒரு மேப்பிள் மரம் பாகுக்குத் துளையிடும் பருமனை அடைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செல்லும். பாட்டன் நட்டதைப் பேரன் துளையிடுவான். அத்தோப்பு ஓரிரவில் முறிந்தபோது, எந்தப் படிவத்திலும் அதற்குரிய கட்டம் இருக்கவில்லை என்றே சொல்லலாம். ஆயினும் கமக்காரர் படிவத்தை நிரப்பினர், குறைவென்று முறையிட்டனர், சங்கத்தின் மூலம் வாதாடினர். ரொஜே நிக்கொலே தலைமையிலான ஆணைக்குழு விசாரித்து 1999இல் அறிக்கை தந்தது. 2001இல் கியூபெக்கில் குடிசார் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

அக்கமக்காரர் எவரும் அரச காசோலையை வாங்கும்போது தலைகுனிந்ததாகத் தெரியவில்லை. அந்த நிமிர்வு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அதனை அறிய, மொன்றியலிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீற்றர் மேற்கே, இன்னொரு முக்கோணத்துக்கு, மேலும் அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பலிசர் முக்கோணம்

1857ஆம் ஆண்டு முதல் 1860 வரை கனடாவின் மேற்குச் சமவெளிகளை ஆராய்ந்த கப்டன் ஜோன் பலிசர், இன்றைய சஸ்கச்சுவான், அல்பேர்ட்டா மாகாணங்களின் தென்பகுதியில் முக்கோண வடிவான வறண்ட நிலமொன்று உண்டெனவும், அது பயிர்ச்செய்கைக்கு உகந்ததன்று எனவும் எழுதினார். அவ்வெச்சரிக்கை பின்னர் மறக்கப்பட்டது. மழை பெய்த சில ஆண்டுகளை நம்பி, அரசே ஐரோப்பாவெங்குமிருந்து மக்களை அழைத்து அங்கே குடியேற்றியது. உக்ரேனியர், ஜேர்மானியர், ஸ்கந்திநேவியர் எனப் பலர் வந்தனர். வறுமையாலும் அடக்குமுறையாலும் ஊரை விட்டவர்கள் அவர்களுள் அநேகர்.

1929இல் உலகச் சந்தை சரிந்தது. அவ்வாண்டு ஒரு டொலருக்கு மேல் விற்ற ஒரு புசல் கோதுமை, 1932ஆம் ஆண்டின் இறுதியில் 40 சதத்துக்கும் கீழே வீழ்ந்தது. அதே வேளை மழையும் பொய்த்தது. உழுத மண் புழுதிப் புயலாக எழுந்து சூரியனை மறைத்தது. வெட்டுக்கிளிகள் எஞ்சியதைத் தின்றன. 1937இல் சஸ்கச்சுவானின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 3 புசலுக்கும் குறைவு. கிழக்கிலங்கையில் ஏக்கருக்கு நாற்பது, ஐம்பது புசல் நெல் கண்டவர்கள் இவ்விலக்கத்தைப் பார்த்தாலே போதும். வேறு விளக்கம் வேண்டாம். அவ்வாண்டில் அம்மாகாணத்தின் கிராம மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நிவாரணத்தில் வாழ்ந்தனர்.

அந்நாளைய நிவாரணம் எத்தகையது? 1931இல் சஸ்கச்சுவான் அரசு நிவாரண ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. உணவு, நிலக்கரி, உடை, மாட்டுத்தீவனம், விதைதானியம் ஆகியன அதனூடாக வழங்கப்பட்டன. பெரும்பாலானவை கடனாகவே கொடுக்கப்பட்டன. வாங்கியவர் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். விளைந்தால் விளைச்சல் கடனுக்குப் போகும். விளையாவிட்டால் கடன் அடுத்த ஆண்டுக்கு ஏறும். ஆண்டுகள் பல கழிந்த பின்னரே அக்கடன்களிற் பெரும்பகுதி தள்ளுபடி செய்யப்பட்டது. பெற்றோல் வாங்க வழியற்றோர் காரின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டி ஓட்டினர். அன்றைய பிரதமரின் பெயரால் அதனை 'பெனற் வண்டி' என்று அழைத்துத் தம் துயரைத் தாமே சிரித்துக்கொண்டனர்.

கிழக்கு மாகாண மக்கள் புகையிரதப் பெட்டிகளில் பழமும் காய்கறியும் உடையும் அனுப்பினர். அத்திலாந்திக் கரையிலிருந்து உப்பிட்ட கொட் மீன் மூடை மூடையாக வந்தது. சமவெளி மக்கள் அத்தகைய மீனைக் கண்டதில்லை. ஊறவைத்து உப்பகற்றிச் சமைக்க வேண்டும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கூரை ஓட்டுக்குப் பதிலாக அறையலாம் என்று பகிடி பேசினர். எமது வீடுகளுக்கு அது வந்திருந்தால் தேங்காய்ப்பாலும் புளியும் விட்டு மூன்று நேரமும் முடித்திருப்போம்! ஆனால் பகிடிக்குள்ளே உண்மையொன்று உண்டு. கொடுப்பவரின் கருணை எவ்வளவு பெரிதாயினும், பெறுபவரைக் கேளாமற் கொடுக்கும் நிவாரணம் அரைவாசி வீணே போகும்.

இதனிலும் கொடியது மற்றொன்று. அன்றைய குடிவரவுச் சட்டப்படி, நாட்டுக்கு வந்து ஐந்து ஆண்டு நிரம்பாத ஒருவர் பொதுப்பணத்தில் தங்கி வாழ்ந்தால் அவரை நாடுகடத்தலாம். நிவாரணம் கேட்டோரின் பெயர்களை நகராட்சிகள் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவித்தன. 1930 முதல் 1935 வரையான ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 பேர் கனடாவிலிருந்து நாடுகடத்தப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோரின் 'குற்றம்' பொதுச்சுமையானது மட்டுமே. ஆகவே பசித்தும் கேளாமல் இருந்தவர் பலர். 1998இல் அம்முதியவர் என்னிடம் கேட்ட கேள்வியை, அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே வேறு மொழிகளிற் பலர் கேட்டிருக்கின்றனர்.

கருணையிலிருந்து விதிக்கு

மாற்றம் படிப்படியாக வந்தது. 1935இல் பிரதமர் ஆர். பி. பெனற்றின் அரசு சமவெளிக் கமப் புனர்வாழ்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. குளம் தோண்டுதல், காற்றைத் தடுக்க மரம் நடுதல், பயிரிடத் தகாத நிலத்தை மீண்டும் பொது மேய்ச்சற் தரையாக்குதல் ஆகியன அதன் பணிகள். குளத்தைக் கட்டி வாழ்ந்த எமது முன்னோருக்கு விளங்கக்கூடிய வைத்தியம் இது.

1939இல் மக்கென்சி கிங் அரசின் விவசாய அமைச்சர் ஜேம்ஸ் கார்டினர் கொண்டுவந்த சமவெளிக் கமத்தொழில் உதவிச் சட்டமே உண்மையான திருப்பம் என்பது எனது கருத்து. விற்கப்படும் தானியத்தின் பெறுமதியில் நூற்றுக்கு ஒரு வீதம் கழிக்கப்பட்டு ஒரு நிதியிற் சேர்ந்தது. போதாததை அரசு இட்டு நிரப்பியது. ஒரு வட்டாரத்தின் சராசரி விளைச்சல் குறித்த அளவுக்குக் கீழே போனால், அங்குள்ள கமக்காரருக்குப் பயிரிட்ட நிலத்திற் பாதிக்கு, 200 ஏக்கர் எல்லைக்குள், ஏக்கர்க் கணக்கிற் பணம் கிடைத்தது. எவரும் எவருடைய வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. நல்ல ஆண்டில் தாமே செலுத்திய பணத்தின் ஒரு பகுதியையே தீய ஆண்டில் பெறுகிறோம் என்ற எண்ணம் அவர்களை நிமிர்த்தியது.

இதிலும் குறை இருந்தது. வட்டாரம் என்பது ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட சதுரம். கல்மழை ஒருவரின் வயலை மட்டும் அழித்து, அயலவர் அனைவரும் நன்றாக விளைவித்தால், அழிந்தவருக்கு ஒன்றுமில்லை. சராசரிக்குள் அவர் மறைந்துவிடுவார். இக்குறையைச் சுட்டிக் கமக்காரர் இருபது ஆண்டுகள் வாதாடினர். 1959இல் மத்திய அரசு பயிர்க் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியது. மாகாணங்கள் ஒவ்வொன்றாக அதில் இணைந்து, தனித்தனிக் கமக்காரரின் இழப்பை அளக்கும் முறை வளர்ந்தது. கியூபெக்கின் பயிர்க் காப்புறுதிச் சட்டம் 1967ஐச் சேர்ந்தது. பழைய உதவிச் சட்டம் 1970களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றது.

காப்புறுதிக்கும் அடங்காத பேரிடருக்கென 2007இல் மத்திய அரசும் மாகாணங்களும் 'அக்ரி ரிக்கவரி' என்னும் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. செலவில் 60 வீதம் ஒட்டாவாவினது. 40 வீதம் மாகாணத்தினது. 2021ஆம் ஆண்டுக் கோடையில் பலிசர் முக்கோணம் மீண்டும் கருகியபோது, இவ்வேற்பாட்டுக்கென மத்திய அரசு 50 கோடி டொலர் வரை ஒதுக்கியது. புல் இன்றி மந்தையை விற்க நேர்ந்த சஸ்கச்சுவான் மாட்டுப் பண்ணையாளருக்கு, இனப்பெருக்கத்துக்கென வைத்திருந்த பசு ஒன்றுக்கு 200 டொலர் வரை கிடைத்தது. அவர்களுடைய பாட்டன்மார் விதைதானியத்துக்குக் கடன்பத்திரம் எழுதியவர்கள்.

எம்முடைய பட்டியல்

பயிர்க் காப்புறுதி எமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டாம். கனடியச் சட்டத்துக்கு ஓராண்டு முன்னரே, 1958இல், இலங்கையில் நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1961இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. விதி இருந்தது. விதி யாரைக் காண்கிறது என்பதே கேள்வி.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது நான் சிறுபிள்ளை. வீட்டுக் கூரை போயிற்று, தென்னைகள் போயின, விதைத்த வயல் வெள்ளத்துள் கிடந்தது. சில நாட்களின் பின் வயல் அழிவுக்குப் பட்டியல் எடுத்தனர். எனது தந்தையார் குத்தகைக்கு வயல் செய்தவர். உறுதியில் அவர் பெயர் இல்லை. ஆகவே பட்டியலிலும் இல்லை. காணிக்கு உரியவர் பட்டினத்தில் இருந்தார். அவர் பெயர் இருந்தது. தந்தையார் ஒரு பகல் முழுவதும் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினார். அதன்பின் எந்த அலுவலகப் படியையும் அவர் விரும்பி ஏறியதில்லை. "கேட்டு வாங்கிறதெல்லாம் பிச்சைதான்" என்பார். பல ஆண்டுகள் நானும் அவ்வாறே நம்பியிருந்தேன்.

கனடியக் கமக்காரரின் வரலாறு அந்நம்பிக்கையை மாற்றியது. அவர்களும் ஒருகாலத்தில் விடுபட்டவர்களே. கடனாளியாக்கப்பட்டனர், கேட்டதற்காக நாடுகடத்தப்படும் அச்சத்தில் அவர்களின் அயலவர் வாழ்ந்தனர், சராசரிக் கணக்குள் மறைந்துபோயினர். அவர்கள் செய்தது என்ன? இழப்பை எழுதி வைத்தனர். சங்கமாகச் சேர்ந்தனர். விதியின் ஓட்டையைச் சுட்டிக்காட்டி, அடுத்த விதியை எழுதச் செய்தனர். இன்று கனடியப் பண்ணைகளிற் கைகூலிக்கு உழைக்கும் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளருக்கு இந்நிவாரணம் நேரே போய்ச்சேருவதில்லை. பண்ணையின் இழப்புக்கே பணம். கூலியின் இழப்புக்கு அங்கே கட்டம் இல்லை. எனது தந்தையாரைப் போன்றவர்கள் இங்கும் உளர். இவ்வரலாறு இன்னும் முடியவில்லை.

அம்முதியவர் படிவத்தை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, ஈற்றில் என்னைக் கொண்டே நிரப்புவித்தார். கையொப்பமிடும்போது அவருடைய விரல்கள் நடுங்கின. குளிரினால் என்றார். பின்னர் அவரது வழக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தக் காசோலையைப் பற்றி எவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரது பேரப்பிள்ளைகள் இப்போது இந்நாட்டில் வரி செலுத்துகின்றனர். 2021இல் சஸ்கச்சுவான் பண்ணையாளருக்குச் சென்ற பணத்தில் அவர்களுடைய சில சதங்களும் இருந்தன.